பசுமாட்டுக்கே வெட்கம்

சௌந்திரம் டீச்சர் வரைந்த படப் புத்தகத்தில் மொத்தம் பதினொரு பக்கம். பழைய காலண்டர் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் வரைந்து, சணல் கயிற்றால் தைத்திருந்தாள். மோகனூருக்குத் தெற்கே கரும்புக்காட்டு நடுவில் இருந்த ஓராசிரியர் பள்ளி போன வருடம்தான் ஈராசிரியர் பள்ளியாகியிருந்தது. அங்கே இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் அவள் பொறுப்பு.

முதல் பக்கத்தில் ஒரு வெள்ளாடு பாசிமணி அறுந்த மாதிரி புழுக்கை உதிர்த்துக்கொண்டே நடந்தது. அடுத்ததில் எருமை நடுரோட்டில் தோசை ஊற்றிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தது. பல்லி போட்டதன் நுனியில் மட்டும் வெள்ளைத் தொப்பி. ஒவ்வொரு பக்கத்தையும் தூக்கிப் பிடித்து, "இது ஆரு போட்டது?" என்று டீச்சர் கேட்பாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எலிப்புழுக்கை கிடந்த தானியத்தை என்ன செய்வது, கோழிப்பீ மிதித்த காலை எங்கே கழுவுவது என்பதெல்லாம் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக உள்ளே போகும்.

கடைசிப் பக்கத்தில் தொட்டிலில் ஒரு பச்சைக் குழந்தை. பக்கத்தில் பசுமாடு முன்னங்காலால் முகத்தை மூடிக்கொண்டு சொல்லும்: "வரட்டி தட்டு, வாசல் தெளி, வயலுக்குப் போடு. பாப்பா தொப்புள்ள மட்டும் வெக்காதே, எனக்கே வெக்கமா இருக்குது!"

அந்தப் பக்கத்துக்காகத்தான் மற்றப் பத்தையும் அவள் வரைந்தாள். அது யாருக்கும் தெரியாது.

நான்கு வருடத்துக்கு முன், எழுபத்தைந்தில், ஜலகண்டாபுரத்தில் தாய்வீட்டில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்துச் சாணிச் சாம்பலை அப்பியபோது, ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த சௌந்திரம் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். வேண்டாம் என்று வாயில் வந்தது. பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. எட்டாம் நாள் குழந்தை வில்லாய் வளைந்து போய்ச் சேர்ந்தது. அது சாணியால் வந்த ரணஜன்னி என்று ஆறு மாதம் கழித்து ஒரு நர்ஸ் சொன்னாள். அழுதுகொண்டு சொன்னால் இந்த ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சிரிக்க வைத்தாள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மூன்றாம் வகுப்புப் பெருமாயி கன்னம் வீங்கிப்போய் வந்தாள்.

"என்னாச்சு சாமி?"

"அண்ணிக்குக் கொழந்த பொறந்துருச்சுங்க டீச்சர். அம்மா தொப்புள்ள சாணிச் சாம்பல் வெச்சாங்க. பசுமாட்டுக்கே வெக்கமா இருக்குதுன்னு சொன்னேன். அறைஞ்சுட்டாங்க."

சௌந்திரம் மத்தியான மணி அடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வெயிலில் வரப்பு வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனாள். பெருமாயியின் தாய் காளியாத்தாள் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தச் சாம்பலைத் தொடச்சுடுங்க. சுடுதண்ணி வெச்சுத் தாங்க, நானே தொடச்சுடறேன். நாளைக்கு நர்ஸம்மாவைக் கூட்டியாரேன்."

"எம்பட மூணு புள்ளைக்கும் அதைத்தான் வெச்சேன். மூணும் நல்லாத்தான இருக்குது? உங்க படிப்பைப் பள்ளிக்கூடத்தோட வெச்சுக்கங்க டீச்சர்."

வேறு எதுவும் எடுபடவில்லை. வேறு ஆளில்லாத வாசல், கதவு ஒருக்களித்திருந்த இருட்டறை, உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம். சௌந்திரம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"என்ற கொழந்தையும் இப்படித்தாங்க போச்சு. எட்டாம் நாளு."

காளியாத்தாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"கொழந்தயத் தின்னுபோட்டுப் பச்சப்புள்ள இருக்கற ஊட்டு வாசலுக்கா வந்தீங்க? அக்கட்ட போங்க!"

உண்மையைச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. நர்ஸம்மா முகாமுக்குப் போயிருந்தாள், வெள்ளிக்கிழமைதான் வந்தாள். அவளையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஏழாம் நாள் குழந்தைக்கு வாய் கிட்டிப்போய்ப் பால் இறங்கவில்லை. கரும்பு ஏற்ற வந்த லாரியில் நாமக்கல்லுக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது துணியால் அதன் முகத்தை மூடியிருந்தார்கள்.

குழந்தை போன மூன்றாம் நாள் பள்ளிக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். டீச்சர் சாபம் விட்டுவிட்டாள், தொட்டில் குழந்தையைப் படம் போட்டுச் சாகச் சொல்லிவிட்டாள் என்று பேச்சு. தலைமை ஆசிரியர் கைலாசம் நல்லவர்தான், ஆனால் பயந்தவர். பீரோவைத் திறந்து புத்தகத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துவிட்டு நடுமைதானத்தில் கொளுத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் பெருமாயி இல்லை. அவளைக் குழந்தை போன அன்றே பள்ளியை விட்டு நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்பியிருந்தார்கள்.

மாறுதல் உத்தரவு தை மாதம் வந்தது. சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, முக்காடு போட்ட ஒரு பெண் புளியமரத்து மறைவில் தயங்கித் தயங்கி நின்றாள். பெருமாயியின் அண்ணி சின்னாயி. இருபது வயதுகூட இருக்காது.

"அன்னிக்கு நீங்க வாசல்ல சொன்னது எனக்கு உள்ள கேட்டுதுங்க டீச்சர். எந்திரிச்சு நானே தொடச்சிருக்கலாம். பயந்துட்டு கெடந்துட்டேன்."

சௌந்திரம் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் அருகே போனாள்.

"நானும் கெடந்தேன் சாமி," என்றாள்.

பஸ் வந்தது. ஏறுமுன், புது ஊரின் பெயரை இரண்டு தரம் சொல்லி, சின்னாயியைத் திருப்பிச் சொல்லவைத்தாள். "அடுத்தது தங்குச்சுன்னா எங்கூட்டுக்கு வந்துரு. பெரியாஸ்பத்திரி கிட்டத்துல." சின்னாயி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஆடி மாத மழையில், துணிப்பையோடும் எட்டு மாத வயிற்றோடும் அவள் தனியாக வந்து நின்றாள். தாய்வீட்டுக்கென்று சொல்லிவிட்டு, அங்கே போகாமல் இங்கே வந்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தொப்புளில் ஒன்றும் வைக்கவில்லை. எட்டாம் நாள் முழுக்க இரண்டு பேரும் சோறு தின்னாமல், தூங்காமல், அந்தக் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பாட்டுக்குப் பால் குடித்தது.

புகுந்த வீட்டார் நான்கு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு புருஷன் மட்டும் வந்து, வாசலில் நின்றபடியே கூட்டிக்கொண்டு போனான். கிளம்பும்போது பையைத் தூக்கிய சின்னாயியிடம், பெருமாயி எப்படியிருக்கிறாள் என்று சௌந்திரம் கேட்டாள்.

"அவளுக்கு எழுத்தே மறந்துபோச்சுங்க டீச்சர்," என்றாள் சின்னாயி.