ஜூன் வரைக்கும் செல்லும் கார்டு

செல்லக்கனிக்கு அந்த ஈ.எஸ்.ஐ. கார்டின் மேல் நெடுநாளாகவே ஒரு கடுப்பு உண்டு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் அவளுக்கு வேலை. சம்பளக் கவரைப் பிரித்தால் மாதம் தவறாமல் ஈ.எஸ்.ஐ. என்று போட்டு ஒரு தொகையைப் பிடித்திருப்பார்கள். அவளோ காய்ச்சல், தலைவலி என்று படுக்கிற ஆள் இல்லை. நல்லா இருக்கிறவளிடம் எதற்குப் பிடிக்கிறார்கள் என்று புருஷன் பேச்சிமுத்துவிடம் புலம்புவாள். அவன் கொத்தனார். அவனுக்குப் பிடித்தமும் கிடையாது, கார்டும் கிடையாது. சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

எண்பத்தெட்டில் இரண்டாவதாகப் பையன் பிறந்தபோது அவள் பிழைத்ததே பெரும் பாடு. நிற்காமல் ரத்தம் போய், பெரியாஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அதில் ஒன்று பேச்சிமுத்துவின் ரத்தம். வீட்டுக்கு அனுப்பும்போது, இன்னும் நாலு வருஷத்துக்கு வயிற்றில் எதுவும் தங்கக் கூடாது, தங்கினால் தாய் தாங்கமாட்டாள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் ஊரான மம்சாபுரத்துக்கு வருகிற நர்ஸம்மா ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னாள். ஆணும் பெண்ணுமாக இரண்டு இருக்கிறதே, இன்னும் என்ன யோசனை என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் செல்லக்கனியின் அக்காவைத் தேவதானத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளும் இரண்டு பெற்று ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். மறு வருஷமே பையன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். தொட்டில் கட்ட இனி வழியில்லையே என்று அக்கா அழுத அழுகையை நேரில் பார்த்தவளுக்கு மனசு துணியவில்லை. கதவைச் சாத்தலாம், சுவர் வைத்து அடைக்க வேண்டாம் என்று புருஷனிடம் சொன்னாள். உசிரு உன்னது, நீ சொல்லுததுதான் என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

முதலில் காப்பர்-டி போட்டுப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு ஒத்துப்போகிற அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாதவிடாய் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிற வேலை. ஒரு நாள் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கத்து மெஷினில் நின்ற முத்தாத்தாள்தான் ஓடிவந்து தாங்கினாள். காப்பர்-டியை எடுத்துவிட்டு வந்த அன்று, இனி என்ன செய்ய என்று மலைத்து உட்கார்ந்திருந்தவளிடம் முத்தாத்தாள் கேட்டாள்.

“ஏட்டி, மாசாமாசம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கான்லா, அது யாருக்கு? காய்ச்சலுக்கு மட்டும்னு நெனைச்சியா? அங்க ஒரு டாக்டரம்மா இருக்காவ. போய்க் கேளு.”

அந்த வியாழக்கிழமை செல்லக்கனி முதன்முதலாக ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் படியேறினாள். டாக்டர் அம்புஜவல்லிக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். மஞ்சள்காமாலை வந்ததுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா, காலில் வீக்கம் உண்டா, பையன் இன்னும் பால் குடிக்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பையனுக்கு ஒரு வயது முடிந்து பால் மறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிறகு டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆணுறை, மாத்திரை, ஆபரேஷன் என்று ஒன்றொன்றின் நல்லதையும் கெட்டதையும் பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன் என்றால் பதினாலு நாள் சம்பளத்தோடு லீவு கிடைக்கும் என்பதைக்கூட மறைக்கவில்லை. எது வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று செல்லக்கனி கேட்டாள்.

“மாத்திரை உனக்கு ஒத்துக்கும்னு என்னால சொல்ல முடியும். வேணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்.”

அதுவரைக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி பிள்ளை உண்டாகுமா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். உண்டாகும் என்றார் டாக்டர். சரி, மாத்திரையே கொடுங்கள் என்றாள்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் கம்பவுண்டர் தனுஷ்கோடி இருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற, சிரிக்காத மனிதர். செல்லக்கனிக்குப் பின்னால் வரிசையில் மில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவளுக்குக் காது மடல் சூடேறியது. ஆனால் தனுஷ்கோடி சீட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மாத்திரை அட்டையை ஜன்னலுக்கு உள்ளேயே வைத்து, வெள்ளை மாத்திரை இருபத்தொன்று, அது முடிந்ததும் காப்பிக் கலரில் இரும்புச்சத்து மாத்திரை ஏழு, அம்புக்குறி காட்டுகிற வழியே போக வேண்டும் என்று காட்டினார். ஒரு நாள் மறந்தால் மறுநாள் ஞாபகம் வந்ததும் அதைப் போட்டுவிட்டு, அன்றைக்கு உள்ளதையும் போட வேண்டும். இரண்டு நாள் மறந்தால் நேரே இங்கே வர வேண்டும். பிறகு காய்ச்சல் மாத்திரை மடிக்கிற அதே காகிதத்தில் மடித்து நீட்டினார். காசு எவ்வளவு என்று கேட்டாள். உன் சம்பளத்தில்தான் பிடித்தாயிற்றே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முதல் மாதம் குமட்டியது. சோற்றைக் கண்டாலே வயிற்றைப் புரட்டியது. தூக்கி எறி இந்தக் கருமத்தை என்று பேச்சிமுத்து பயந்துபோய்ச் சொன்னான். அவள் எறியவில்லை, டாக்டரிடம் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, இரண்டு மாதத்தில் உடம்பு பழகிவிடும் என்றார் அவர். அப்படியே பழகியது. அதற்கப்புறம் சாப்பிட்டுக் கை கழுவியதும் சொம்புத் தண்ணீரை நீட்டுவது பேச்சிமுத்துவின் வேலையாயிற்று. மாதவிடாய் ஐந்து நாளுக்குள் அடங்கியது. ஆறு மாதத்தில் அவள் முகத்தில் வெளுப்பு போய் நிறம் திரும்பியது. கார்டைப் பற்றிய புலம்பலும் நின்றுபோயிற்று.

தொண்ணூறு நவம்பரில் போனஸ் தகராறு முற்றி மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஆண்கள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். செல்லக்கனி தீப்பெட்டி ஒட்ட ஆரம்பித்தாள். வேலை போனால் கார்டும் போச்சு என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் அதை நம்பி, கார்டை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள். கையில் மூன்று அட்டை இருந்தது. தை பிறந்தபோது அதுவும் தீர்ந்தது. ஊருக்கு வருகிற நர்ஸம்மாவிடம் கேட்கலாமென்றால் அவள் மாற்றலாகிப் போய்விட்டாள். புது ஆள் வரவில்லை.

பேச்சிமுத்து, நான் கடையில் வாங்கி வருகிறேன் என்று தைரியமாகக் கிளம்பினான். கடைத்தெரு மருந்துக் கடையில் அன்றைக்குப் பார்த்துக் கல்லாவில் இருந்தது அவனுக்கு மாமன் முறை. போனவன் தலைவலித் தைலத்தோடு திரும்பினான். என்ன இது என்று கேட்டவளிடம் தைல டப்பாவைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அந்த வறுமையிலும் செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நீடிக்கவில்லை. மூன்று வாரம் கழிந்து மாதவிடாய் வர வேண்டிய நாளும் தாண்டியது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். வேலையில்லாத வீடு, பழைய ரத்தப்போக்கு, பெரியாஸ்பத்திரியில் சொன்ன நாலு வருஷம் எல்லாம் சேர்ந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. தீப்பெட்டி ஒட்டுகிற கை பாதியில் நின்றுவிடும். பேச்சிமுத்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் போய்விடுவான்.

ஆறாம் நாள் மத்தியானம் முத்தாத்தாள் பஸ் பிடித்து மம்சாபுரத்துக்கே வந்தாள். அவள் கொண்டுவந்த சேதி இதுதான். முந்தின நாள் சாயங்காலம் கம்பவுண்டர் தனுஷ்கோடி சைக்கிளில் மில் கேட்டுக்கு வந்திருக்கிறார். பந்தலுக்குள் வந்து, மூணு மாசமா ஒருத்தரும் மருந்துக்கு வரக் காணோமே, எல்லாரும் செத்தா போயிட்டீங்க என்று சத்தம் போட்டிருக்கிறார். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைக்கும் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் வைத்தியம் உண்டு, மில் பூட்டியிருந்தாலும் உண்டு, கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாராம். பந்தலில் பெண்கள் யாரும் இல்லை. முத்தாத்தாளின் புருஷன் கேட்டுவந்து சொன்னதால், அவள் வைண்டிங் பெண்களின் வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே செல்லக்கனி போனாள். அட்டை தீர்ந்ததையும் நாள் தள்ளிப்போனதையும் தலை நிமிராமல் டாக்டரிடம் சொன்னாள். அம்புஜவல்லி திட்டவில்லை. சிறுநீர் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். கலக்கத்தினாலும், மாத்திரையைச் சட்டென்று விட்டதாலும் நாள் தள்ளிப்போகும், முதலில் பார்ப்போம் என்றார். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இரண்டு நாளில் மாதவிடாயும் வந்துவிட்டது. அன்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பேச்சிமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, காரணம் புரிந்து, அவனே கஞ்சி காய்ச்சினான்.

மறுபடி அட்டை வாங்க ஜன்னலுக்குப் போனபோது தனுஷ்கோடி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்தார்.

“அண்ணாச்சி, நீங்க வந்து சொல்லலைன்னா நாங்க வந்திருக்கவே மாட்டோம்” என்றாள் அவள்.

“வராம இருந்தா உங்களுக்குத்தான் நட்டம். அடுத்த ஆளு வாங்க.”

சித்திரை கடைசியில் மில் திறந்தது. பிடித்தமும் மறுபடி தொடங்கியது. மில் பூட்டியிருந்த மாதங்களுக்குப் பிடித்தம் இல்லாததால் ஜூனுக்குப் பிறகு கொஞ்ச நாள் கார்டு செல்லாது என்பதையும் தனுஷ்கோடியே முன்கூட்டிச் சொல்லி, அதற்குள் வேண்டியதை வாங்கி வைக்கச் சொன்னார். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு மாதமும் தவறவில்லை.

தொண்ணூற்று மூன்றில் டாக்டர் ரத்தம் பரிசோதித்து, ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கிறது, நல்ல அளவுதான் என்றார். செல்லக்கனிக்கு அப்போது இருபத்தேழு வயது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று அவளுக்குத்தான் முதலில் தோன்றியது. பேச்சிமுத்துவுக்குப் பயம், பழையபடி ஆகிவிட்டால் என்ன செய்ய என்றான். இரண்டு பேருமாக டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டுத்தான் மாத்திரையை நிறுத்தினாள். மறு வருஷம் பெண் பிறந்தது. மூன்றே கால் கிலோ. சம்பளத்தோடு பன்னிரண்டு வாரம் வீட்டில் இருந்தாள். மதிய வெயிலில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவது என்றால் என்னவென்று அந்த மூன்று மாதத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

மாத்திரைக்குத் திரும்பப் போனபோது ஜன்னலில் வேறு ஒருவர் இருந்தார். தனுஷ்கோடி ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். விலாசம் கேட்டு வைத்துக்கொண்டாள். போக வாய்த்தது தொண்ணூற்றாறு வைகாசியில்தான். ராஜபாளையம் சந்தையில் சப்பட்டை மாம்பழம் ஒரு கூடை வாங்கிக்கொண்டு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனோடு போய் அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

பனியன் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அதே மாதிரி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். யாரம்மா என்றார். சொன்னாள். கோன் வைண்டிங் என்றாள், மம்சாபுரம் என்றாள், மில் பூட்டின வருஷம் என்றாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“தப்பா நெனைக்காதம்மா. எனக்கு ஞாபகம் இல்ல. பந்தலுக்கு வந்தது ஞாபகம் இருக்கு. ஆளு ஞாபகம் இல்ல. சட்டத்துல உள்ளதைத்தான சொன்னேன்.”

“சட்டத்துல இருந்தது எங்களுக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி. இந்தா, இவளைப் பாருங்க. நாங்களா வேணும்னு பெத்துக்கிட்ட பிள்ளை” என்று சின்னவளை அவர் முன்னால் இறக்கிவிட்டாள்.

குழந்தை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டுப் பழம் நறுக்கச் சொன்னார். நறுக்கி வருவதற்குள் பேச்சிமுத்துவிடம் கொத்து வேலைக்கு இப்போது என்ன கூலி என்று விசாரித்தார். முதல் துண்டைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததைத் தானே எடுத்துச் சாப்பிட்டார். கொட்டை சின்னது, நல்ல பழம் என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது பேச்சிமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. இம்புட்டுத் தூரம் வந்தும் அவியளுக்கு உன்னை அடையாளமே தெரியலையே என்றான்.

“தெரியாட்டி என்ன” என்றாள் செல்லக்கனி. “என் ஒருத்திக்கு மட்டும் செஞ்சிருந்தா ஞாபகம் இருந்திருக்கும். அவிய எல்லாருக்கும்லா செஞ்சிருக்காவ.”

மம்சாபுரம் பஸ் வந்தது. கூட்டம் நெரித்தது. பேச்சிமுத்து முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்துவிட்டான். குழந்தை வாயெல்லாம் மாம்பழச் சாறோடு அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.