சாரங்காவின் நெஞ்சு ஒழுங்காக அடிக்கவில்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கிளிநொச்சியில் பஸ்ஸுக்கு நின்றபோது என் ஒன்றுவிட்ட தங்கை ராஜினி சொன்னது. அவள் குழந்தை வைத்தியர். சுகமான சின்னப் பிள்ளைகளின் இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று அளந்துகொண்டிருக்கிறாள்.

"எழுதுங்கோ அண்ணை. ஆனா இதயத்தைக் காதல் கீதல் எண்டு மாத்திப்போடாதேங்கோ."

(காதல் இல்லை. சத்தியம்.)

2

முதல் தொடக்கம்: 'அக்கராயன் குளத்தின் மேல் இளவெயில் மெல்ல...' வேண்டாம். குளம் எங்கேயும் போய்விடாது.

அக்கராயன் முன்பள்ளியில் பாய் விரித்து, பிள்ளைகளின் நெஞ்சில் துடிப்பை அளக்கும் ஒட்டிகள் ஒட்டினாள் ராஜினி. ஐந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். ஐந்து வயதுக்காரரிடம் இதைக் கேட்பவரின் மூளையைத்தான் முதலில் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. சுஜிதன் கூச்சத்தில் உருண்டான். அசையாமல் கிடந்தது சாரங்கா ஒருத்திதான்.

அளந்து முடியுமுன்னே அவளுடைய தாய் கமலாசனி கேட்டார்:

"ஒழுங்கா அடிக்கேல்லைத்தானே டொக்டர்?"

3

கமலாசனியை நான் நம்பவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஒழுங்காக அடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே ஒரு தாய் ஐந்து வருடம் மறைப்பாரா? ராஜினியிடம் திருப்பிக் கேட்டேன். மறைத்தாராம்.

முதல் பிள்ளை பிறந்த எட்டாம் நாள் இறந்துவிட்டது. அதனால் சாரங்கா நித்திரையானதும் அவள் நெஞ்சில் காது வைப்பார். துடிப்பு விரையும், பிறகு தாமதிக்கும். கிளினிக்கில் 'பிள்ளை சுகம்' என்றபோதும் வாய் திறக்கவில்லை. கேட்டால் வேறேதும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "ஓடினா களைக்கும் குஞ்சு" என்று இருத்தியே வளர்த்தார்.

4

ராஜினி பிள்ளையை முழுவதும் பரிசோதித்தாள்.

"உங்கட காது சரி அம்மா. மூச்சை இழுக்கேக்க கெதியா அடிக்குது, விடேக்க மெதுவா. சுகமான பிள்ளையளுக்கு அப்பிடித்தான். இந்த விசயத்திலை வகுப்பிலை அவாதான் முதலாவது."

கமலாசனி சிரிக்கவில்லை.

"அப்ப, அஞ்சு வருசமா நான்..."

(இந்த வாக்கியத்தை முடித்துக்கொடுக்க மூன்று தரம் முயன்றேன். அழித்துவிட்டேன்.)

5

முற்றத்தில் மற்றப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடு குஞ்சு" என்றார் கமலாசனி.

சாரங்கா இரண்டடி வைத்துத் திரும்பினாள். "எப்பிடி அம்மா? நீங்கள் ஓடிக் காட்டுங்கோ."

வாசல் படலையில் மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கமலாசனி சீலையைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு பிள்ளை ஒட்டியைத் தின்னப் பார்க்க, ராஜினி ஓடிவிட்டாள். மிச்சம் அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதி அவரை ஓடவைக்கலாம்தான். ஆனால் நீங்களும் படலையடியில்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

கொஞ்சம் விலகி நில்லுங்கள்.