ஷபீயின் இடத்தில் நின்றவன்

ஆம்பூரில் தோல் பதனிடுகிற அந்த ஷாப்பில் வெள்ளிக்கிழமை மதியம் பாதி ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். முதலாளி சாயபுதான் முதலில் கிளம்புவார். ஆனால் என்ஜினை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். தோல் ஊறுகிற குழிகளுக்கு ஆவாரம்பட்டைத் தூளும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் தொழுகைக்குப் போகிறவன் இடத்தில் ஓர் இந்துவோ கிறிஸ்தவனோ போய் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிறிஸ்தவர்கள் பூசைக்குப் போனால் முஸ்லிம்கள் போய் நிற்பார்கள். முதலாளிக்குத் தெரியும், மேஸ்திரி சுப்பராயனுக்குத் தெரியும். அதற்குமேல் யாரும் யாரையும் கேட்டதில்லை.

பட்டை அரைக்கிற மிஷின் ஷபீ அஹமதுவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைகளில் அவன் இடத்தில் நிற்பவன் ஆரோக்கியசாமி. ஆரோக்கியசாமியின் சொந்த வேலை வேறு. அவன் சவ்வு எடுக்கிறவன். சாய்த்து வைத்த மரத்தின்மேல் ஈரத்தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால், ஒட்டியிருக்கிற சதையை வழித்தெடுக்க வேண்டும். ஒரு கை கொஞ்சம் அதிகமாக அழுந்தினாலும் தோல் கிழிந்துவிடும். அவன் வழித்த தோலைச் சுப்பராயன் திருப்பிப் பார்க்கக்கூட மாட்டான். அப்படியே அடுத்த குழிக்கு அனுப்பிவிடுவான்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மழையில் பட்டை நனைந்திருந்தது. நனைந்த பட்டை மிஷினின் வாயில் அடைத்துக்கொள்ளும். ஷபீயாக இருந்தால் சத்தம் மாறுகிறபோதே கட்டையை எடுத்துக் குத்துவான். ஆரோக்கியசாமி கையால் தள்ளினான். வலது கை உள்ளே போய்விட்டது. என்ஜின் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பி வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஷபீ மட்டும் வரவில்லை. அவன் பள்ளிவாசலுக்கே போகவில்லை. பாலாற்று மணலில் குந்தியிருந்தான். பேரணாம்பட்டுக்காரன் ஒருவன் தன் கௌதாரியைக் கொண்டுவந்து சண்டைக்கு விட்டிருந்தான். எதிரில் ஷபீயின் கௌதாரி. இரண்டும் சீக்கிரத்தில் விட்டுக்கொடுக்கிற பறவைகளாக இல்லை. ஷபீக்கு நேரம் போனதே தெரியவில்லை. கூண்டைத் துணியால் மூடி, தெரிந்தவன் கடையில் வைத்துவிட்டு ஷாப்புக்கு ஓடி வந்தபோது, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி ஆரோக்கியசாமியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேலூர்ப் பெரியாஸ்பத்திரியில் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஷபீ தினமும் ஆரோக்கியசாமியின் வீட்டுக்குப் போனான். தண்ணீர் இழுத்து ஊற்றினான். விறகு பிளந்தான். ஒரு நாள் கறி வாங்கிவருவான், ஒரு நாள் அரிசி. ஆரோக்கியசாமியின் மனைவி அமிர்தம் கூச்சப்பட்டாள்.

"இன்னாத்துக்கு பாய் தினம் தினம்? உங்க வீட்லயும் வயிறு இருக்குதுல்ல."

"இருக்கட்டும் தங்கச்சி" என்பான். அவள் நன்றியாகப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன் நிற்க முடியாமல் மறுபடி கோடாலியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். கொஞ்ச நாள் பாதிச் சம்பளமும் வந்தது. பிறகு அது நின்றது. வேலையில் கை கால் போனால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஷாப்பில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாதாகோயில் சாமியார் சொல்லி, ஆரோக்கியசாமி வேலூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனான். கூட்டத்தில் கை இடிபடாமல் பார்த்துக்கொள்ள ஷபீயும் கூடப் போனான்.

லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தார் வக்கீல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதலாளி பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்க. நீ சவ்வு எடுக்கிற ஆளு. மிஷின்கிட்ட போனது நீயா போனது. அதனால அவங்க பொறுப்பு இல்லம்பாங்க. நாம இன்னா சொல்லணும்? ஜும்மாவுக்கு ஆள் மாத்துறது முதலாளியே ஒத்துக்கிட்ட வழக்கம். தொழுகைக்குப் போனவன் இடத்துல நின்னா அது முதலாளி வேலைதான். பாய், நீ வந்து தொழுகைக்குப் போயிருந்தேன்னு சொல்லிடு. அது போதும்."

ஷபீ, "போவாம இருந்திருந்தா?" என்றான்.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அது உங்க ரெண்டு பேரோட சொந்த ஏற்பாடு. தோஸ்துக்காகப் போய் நின்னான், கை போச்சு, அதுக்கு நாங்க இன்னா பண்றதுன்னு கையக் கழுவிடுவாங்க. ஒரு காசு வராது."

"இவனாவது, போவாம இருக்கிறதாவது" என்று ஆரோக்கியசாமி சிரித்தான். "வெள்ளிக்கிழமை குளிச்சு அத்தர் பூசிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்புவான் சாமி."

திரும்பும்போது ரயிலடிக்குப் போகிற ஜட்காவில் ஆரோக்கியசாமிதான் பேசிக்கொண்டு வந்தான். பணம் வந்தால் ஒரு கறவை மாடு வாங்குவதாகச் சொன்னான். கத்தி பிடிக்க முடியாது, ஆனால் பால் கறக்க அமிர்தத்துக்கு இரண்டு கை இருக்கிறது. "இனிமே உனக்கு சலாம் வெக்கணும்னா இடது கையாலதான் வெப்பேன். மரியாதை கம்மின்னு கோச்சுக்காத" என்றான். ஷபீ குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணைக்கு நாள் போட்டார்கள். மெட்ராஸிலிருந்து நஷ்டஈட்டுக் கமிஷனர் வேலூருக்கு வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது. சாட்சிக்காரர்கள் அவரவர் வேதத்தின்மேல் சத்தியம் செய்ய வேண்டும் என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் ஷபீ போனபோது ஆரோக்கியசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது கையால் சாப்பிட அவனுக்கு இன்னும் கூச்சம். யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். ஷபீ வந்தபோது மட்டும் திரும்பவில்லை.

"ஆரோக்கியம், அன்னிக்கு நான் தொழுகைக்குப் போவல."

ஆரோக்கியசாமி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "எங்க போன?"

"ஆத்துக்கு. கௌதாரி விட."

"அந்தப் பேரணாம்பட்டுக்காரனோடயா?"

"ம்."

"உன்னுது ஜெயிச்சுதா?"

ஷபீ ஆமென்று தலையை ஆட்டினான். ஆரோக்கியசாமி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று ஷபீ எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். அவன் திட்டவில்லை. அடுப்படியிலிருந்து அமிர்தம்தான் வந்தாள்.

"இத ஏன் பாய் இப்ப வந்து சொல்றீங்க?"

"மனசு கேக்கல தங்கச்சி. நாளைக்குக் குர்ஆன் மேல சத்தியம் பண்ணணும். இவன்கிட்ட சொல்லாம எப்படி..."

"உங்க மனசு கேக்கல. எறக்கி வெச்சுட்டீங்க. நாளைக்கு இவரும் பைபிள் மேல கைய வெக்கணும். நீங்க வர்றதுக்கு முன்னாடி இவருக்கு இது தெரியாது. நிஜம்னு நினைச்சுச் சொல்லிட்டு வந்திருப்பாரு. இப்ப இன்னா சொல்லுவாரு? இருக்கிறது ஒரு கை. அத வெச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணணுமா? இல்ல, நிஜத்தச் சொல்லிட்டுப் பிச்சை எடுக்கணுமா?"

ஷபீ அதை யோசித்திருக்கவில்லை. எத்தனையோ நாள் இதை எப்படிச் சொல்வது என்று மட்டும்தான் யோசித்திருந்தான். சொன்ன பிறகு கேட்டவனுக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

"விடு அமிர்தம்" என்றான் ஆரோக்கியசாமி. பிறகு ஷபீயைப் பார்க்காமல், "போய்த் தூங்கு. காலைல பஸ்ஸுக்கு நேரத்துல வா" என்றான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

கலெக்டர் கச்சேரியில் ஓர் அறையை விசாரணைக்கு ஒதுக்கியிருந்தார்கள். கமிஷனர் தலைப்பாகை கட்டிய தமிழ்க்காரர். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். முதலாளி சாயபு வரவில்லை. அவருக்காக ஒரு வக்கீலும் மேஸ்திரி சுப்பராயனும் வந்திருந்தார்கள்.

முதலில் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டார்கள். இடது கையைப் பைபிளின்மேல் வைத்தான்.

"அன்னிக்கு ஷபீ அஹமது எங்க போனான்?" என்று முதலாளியின் வக்கீல் கேட்டார்.

"தொழுகைக்குப் போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு சாமி."

"போனானா?"

"நான் மிஷின்கிட்ட நின்னேன் சாமி. பின்னாடியே போய்ப் பார்க்கல."

யாரோ சிரித்தார்கள். ஷபீக்கு உடம்பு கூசியது. பொய்யும் சொல்லாமல், தன்னைக் காட்டியும் கொடுக்காமல், ஆரோக்கியசாமி இன்னொரு தடவை அவன் இடத்தில் போய் நின்றுவிட்டு வருகிறான். இனி மிச்சம் ஷபீயின் ஒரு வார்த்தைதான். திரும்பி வந்து உட்கார்ந்த ஆரோக்கியசாமி கண்ணால் ஜாடை காட்டினான். பள்ளிவாசல் என்று சொல்லிவிட்டு வா என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஷபீயின் முன்னால் பச்சைத் துணியில் சுற்றிய குர்ஆனை வைத்தார்கள். முதலாளியின் வக்கீல் அவசரப்படவில்லை.

"எந்தப் பள்ளிவாசல்?"

ஷபீ பச்சைத் துணியையே பார்த்தான்.

"பக்கத்துல யார் நின்னு தொழுதாங்க?"

"நான் தொழுகைக்குப் போவல" என்றான் ஷபீ. "கௌதாரிச் சண்டைக்குப் போனேன். அவன்கிட்ட பொய் சொல்லிட்டுத்தான் போனேன். அவனுக்குத் தெரியாது."

கடைசி வார்த்தையை எப்படிச் சேர்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றைக்கு அது நிஜம்தான். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நிஜம் இல்லை. ஆரோக்கியசாமியின் வக்கீல் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஆரோக்கியசாமி கண்ணை மூடிக்கொண்டான். சுவரோரமாக நின்ற அமிர்தம் மட்டும் ஷபீயை இமைக்காமல் பார்த்தாள்.

"இதுக்கு மேல நான் கேட்க ஒண்ணும் இல்ல" என்று முதலாளியின் வக்கீல் உட்கார்ந்தார். "இது இவங்க ரெண்டு பேர் சொந்த விஷயம். ஷாப்புக்குச் சம்பந்தம் இல்ல."

கமிஷனர் சுப்பராயனைக் கூப்பிட்டார்.

"நீதான் மேஸ்திரியா? ஷாப்புல உனக்குத் தெரியாம ஆளுங்க இடம் மாறி நிக்கிறது உண்டா?"

சுப்பராயனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியாம அங்க ஒரு தோலு நகராதுங்க. இருவது வருஷமா மேஸ்திரி நான்."

"அப்போ அன்னிக்கு இவன் மிஷின்கிட்ட நின்னதும் உனக்குத் தெரியாம இருந்திருக்காது."

சுப்பராயன் முதலாளியின் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் மேஜையைப் பார்த்தார்.

"பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேனுங்க."

"தொழுகை விட்டு மத்தவங்க வந்த பின்னாடியும் பார்த்தியா?"

"பார்த்தேனுங்க."

"உன் இடத்துக்குப் போன்னு சொன்னியா?"

"அது எப்படிங்க சொல்றது? குழிக்குப் பட்டை பத்தல. சீக்கிரம் தள்ளுடான்னுதான் சொன்னேன்."

"யாரோட குழி?"

"முதலாளி குழிதானுங்க."

கமிஷனர் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துப் படித்தார். ஷபீ எங்கே போனான் என்பது பற்றித் தமக்குக் கவலை இல்லை, மேஸ்திரி பார்த்து, வேலையை முடுக்கியும் விட்ட பிறகு அது முதலாளியின் வேலைதான், முதலாளி நஷ்டஈடு கட்ட வேண்டும், போன கைக்குச் சட்டத்தில் போட்டிருக்கிற விகிதப்படி, என்றார். ஆரோக்கியசாமியின் வக்கீல் திரும்பி அவன் தோளைத் தட்டினார். அவனுக்கு முழுவதும் புரியவில்லை. அமிர்தம்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சுப்பராயன் ஷபீயின் பக்கத்தில் வந்து, கோபம் இல்லாமல் சொன்னான்: "நாளையிலேர்ந்து வராத. முதலாளி ஜும்மா நேரத்துல கௌதாரி விட்டவன ஷாப்புல வெக்க மாட்டாரு. என்னையும் வெப்பாரோ என்னவோ."

ஷபீ சரி என்றான். அதை அவன் எதிர்பார்த்ததுதான். ஒரு விதத்தில் அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தனக்கும் ஏதோ போயிற்று. அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. போன கைக்கு இது எந்த விகிதத்தில் ஈடு?

அமிர்தம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பாய், ஒண்ணு கேக்கணும். அந்த மேஸ்திரி வாயத் தொறக்காம இருந்திருந்தா, நாங்க இப்ப எங்க நிப்போம்?"

"தெரியல தங்கச்சி."

"தெரியாமதான் சொன்னீங்களா?"

அவன் தெரியாமல்தான் சொன்னான். அந்த நேரத்தில் அவன் நினைத்தது குர்ஆனை மட்டும்தான், தன்னை மட்டும்தான். ஆரோக்கியசாமியின் மாடு, சோறு எதுவும் ஞாபகத்தில் வரவில்லை. வக்கீல் குமாஸ்தா கூப்பிடுகிறார் என்று அவள் கச்சேரிக்குள் போனாள்.

ஆரோக்கியசாமி தனியாக நின்றான். நெரிசலில் வேட்டி தளர்ந்திருந்தது. இடது கையால் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தான். அமிர்தம் பக்கத்தில் இல்லை.

"ஷபீ, இங்க வா. இதக் கட்டு."

ஷபீ குனிந்து வேட்டியின் இரண்டு முனையையும் எடுத்து இடுப்பில் சுற்றினான். ஆரோக்கியசாமியின் பாதிக் கை அவன் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் இன்னும் மருந்து வாசனை வந்தது.

"இறுக்கிக் கட்டுடா. பஸ்ல ஏறணும்."

இறுக்கிக் கட்டினான். ஆரோக்கியசாமி ஓர் அடி நடந்து பார்த்துத் தலையாட்டினான். அதற்குள் அமிர்தம் வந்துவிட்டாள். இரண்டு பேரும் சாலையைக் கடந்து போனார்கள். ஷபீயும் அதே ஊருக்குத்தான் போக வேண்டும். நீ வரவில்லையா என்று அவர்கள் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு அவன் மரத்தடியிலேயே நின்றான்.