அமீருதீன் பாயின் இடது கால்

இப்போதெல்லாம் மனுஷனுக்கு உடம்பை அசைக்கவே மனசில்லை, டிவிக்கு ரிமோட், மாவாட்ட மிஷின், போதாக்குறைக்கு கியரைத் தானே போட்டுக்கொள்கிற கார், இப்படியே போனால் சோற்றை மென்று கொடுக்கவும் ஒன்று வந்துவிடும் என்று கும்மிடிப்பூண்டி பஜாரில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற அமீருதீன் கடைக்கு வந்தவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த 2007ஆம் வருஷம், அவருடைய இடது கால், கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, ஊருக்கு மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்த மகளின் காருக்கு கிளட்ச் மிதிக்க ஆரம்பித்தது. அதே மாதம் நைலான் கயிறு கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறியது. பஜாரில் இரண்டைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பேசினார்கள்.

மகள் ஜபீனுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றின் ஆபீஸில் கணக்குப் பார்த்தாள். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். ஆனால் ஷேர் ஆட்டோக்காரர்கள் அவள் ஏறி உட்காரும் நேரத்துக்குள் இன்னும் இரண்டு பேரை அள்ளலாம் என்று நிறுத்தாமல் போவார்கள். இனி ஒரு நாள் லேட்டானாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மில்லில் சொல்லிவிட்ட பிறகுதான் கார் பேச்சு எழுந்தது. எனக்கு ஆட்டோமேட்டிக் போதும், ரயில்வே கேட், பஜார் நெரிசல், லாரிகள் பறக்கும் ஜிஎன்டி ரோட்டைத் தாண்டுகிற இடம் என்று நின்று நின்று போகிற பாதைக்கு அதுதான் சரி, அதற்கு இடது காலே வேண்டாம் என்று ஜபீன் சொன்னாள். கடைசியாகச் சொன்னது அமீருதீனுக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊத்துக்கோட்டை வழியாகப் புத்தூருக்கு எலும்புக் கட்டுப் போடப் போனவர் அவர். எந்த டாக்டர் எது சொன்னாலும் கால் ஒரு நாள் தேறும் என்று நம்பினார். உலகத்தில் அவர் நம்பிய விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

அவருக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. அதனால் தெரிந்தவர்களைக் கேட்டார். தெரிந்தவர்கள் எல்லாரும் லாரிக்காரர்கள். சூம்பிய கால் உள்ள பெண் நாலு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு எந்தக் கார் நல்லது என்று இரும்புக் கம்பி லோடு அடித்து ஆறு மாநிலம் சுற்றுகிறவர்களிடம் யோசனை கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். ஆட்டோமேட்டிக் பெட்ரோல் குடிக்கும், கெட்டுப்போனால் மெட்ராஸ் வரை மெக்கானிக் கிடையாது, விற்கப் போனால் ஒருவனும் வாங்கமாட்டான் என்றார்கள். கயிறு வாங்க வரும் பரசுராமன், "தானா கியர் போடற வண்டி ஒரு நாளைக்கி தானா உன்ன உட்டுட்டும் போயிடும் பாய்" என்று சிரித்தான். அமீருதீன் சிரிக்காமல் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். கியர் வண்டியே வந்தது. மிதித்து மிதித்துப் பழகினால் கால் தேறும் என்று மனைவி நசீம் பானுவிடம் மட்டும் சொன்னார். ஜபீன் சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் முதல்முறை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபோது கிளட்ச் பெடல் தானாகத் தரைவரை இறங்கியது. கடையில் அமீருதீனின் பாதம் சிமெண்டுத் தரையை அழுத்தியது. லைசென்ஸ் கொடுக்க வந்த அதிகாரி, அவளுடைய கால் ஓரமாக மடங்கிக் கிடப்பதையும் பெடல் ஏறி இறங்குவதையும் குனிந்து பார்த்தார். பெடலை யார் மிதிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கால் இழுத்துக்கொள்கிறது என்றுதான் அமீருதீன் முதலில் நினைத்தார். நசீம் பானு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பிறகு ரயில்வே கேட் மூடியிருக்கும்போது கால் சும்மா இருப்பதும், கூட்ஸ் வண்டி போய்க் கேட் திறந்ததும் மிதிக்க ஆரம்பிப்பதும் அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. அதன் பிறகு சாயங்காலம் அவர் கடையை விட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாள். "கேட்டு தொறந்துட்டாங்க, புள்ள வந்துடும்" என்று குழம்பை அடுப்பில் ஏற்றுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை. அவருடைய வலது செருப்பு புதுசாகவே இருக்க, இடது செருப்பு மாதத்துக்கு ஒன்று தேய்ந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகிப் பக்ரீத் தொழுகையில்கூட மடக்க முடியாமல் நாற்காலி கேட்டார். ஆட்டோமேட்டிக்கே வாங்கியிருக்கலாம் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஜபீனின் கால் இரண்டு வருஷத்தில் ஒரு நூல்கூடத் தேறவில்லை.

2009இல் சனிக்கிழமைகளில் கால் வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. மதியம் மில் விடுகிற நேரத்தில் நாலைந்து முறை மிதிக்கும். பிறகு வெகுநேரம் அசையாது. மூடிய கேட்டில் நிற்கும்போது பாதம் குளிர்ந்து கிடக்கும். இப்போது அப்படியில்லை, உள்ளங்காலில் சன்னமாக ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி ஓடுகிறது, கியர் மாறவில்லை. கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு ரோடு எங்கே இருக்கிறது? பரசுராமனை விசாரித்தார். தேர்வாய் கண்டிகைப் பக்கம் புதுத் தொழிற்பேட்டைக்கு ரோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள், கம்பெனி ஒன்றும் வரவில்லை, ஆள் நடமாட்டமில்லை, நாலாவது கியரில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றான். ஆள் நடமாட்டமில்லை என்ற சொல் அமீருதீனின் காதில் தங்கிவிட்டது. கேட்டால் சொல்லிவிடப் போகிறாள் என்றாள் நசீம் பானு. அவர் கேட்கவில்லை. கேட்டால் பதிலை நம்ப வேண்டியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை, பாதத்தில் அந்த அதிர்வு வந்ததும், கடையிலிருந்த கயிற்றில் ஒரு துண்டு வெட்டி இடது காலைப் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டினார். லோடு சாயாமல் இருக்க லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சு. திரும்பி வரும்போது வண்டி தானாக மக்கர் பண்ணட்டும், எந்த இடம், கூட யார் என்று ஊரே பார்த்துச் சொல்லட்டும் என்று கணக்குப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கால் இழுத்தது. பெஞ்சு ஆடி, மேலே இருந்த தார்ப்பாய்க் கட்டு சரிந்து விழுந்தது. அவள் ஜிஎன்டி ரோட்டுக்கு வந்துவிட்டாள் என்று இழுத்த வேகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே லாரிகள் நிற்காது என்பதும் தெரியும். முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனார். பிறகு அந்தக் கையாலேயே முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நெடுஞ்சாலையின் குறுக்கே கார் ஒரு குலுக்கலோடு அணைந்து நின்றது. கம்பி லோடோடு வந்த லாரி பிரேக் போட்டும் நிற்காமல் வந்து பின்பக்கத்தை இடித்து, பின்கண்ணாடி நொறுங்கியது. ஜபீனுக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். லாரி பரசுராமனுடையது. காரை நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு அவன் நேராகக் கடைக்கு வந்தான். கேபினிலிருந்து அவள் இறங்கக் கை கொடுத்துவிட்டுத் திரும்பியவன் பெஞ்சையும் கயிற்றையும் பார்த்தான்.

"எங்க போன?" என்றார் அமீருதீன். அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால் கேட்டார்.

"எங்கயும் போல வாப்பா."

"எங்கயும் போவாமதான் அவ்ளோ நேரமா?"

"சும்மா ஓட்டிக்கினு இருந்தேன். அங்க என் கால பாக்கறதுக்கு ஆளில்ல."

அவர் பரசுராமனைப் பார்த்தார். கூட யாராவது இருந்தார்களா என்று அந்தப் பார்வை கேட்டது. பரசுராமனுக்குப் புரிந்தது. "வண்டில புள்ளயத் தவிர யாருமில்ல பாய்" என்றான். "மொதல்ல கயித்த அவுரு. பாக்க முடியல." ஜபீன்தான் தரையில் உட்கார்ந்து, நெற்றியில் துப்பட்டாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டே, மறு கையால் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்ந்ததும் கால் ஒருமுறை முழுசாக மிதித்தது. ரோட்டோரம் அணைந்து கிடந்த வண்டிக்கு அது எதற்கும் உதவவில்லை.

அடுத்த மாதம் ஜபீன் தன் பெயரிலேயே ஒரு பழைய ஆட்டோமேட்டிக்கை வாங்கினாள். யாரையும் யோசனை கேட்கவில்லை. கியர் வண்டியைச் சரிசெய்து, பரசுராமன் மூலமாகத் திருவள்ளூர் பாஷ்யத்துக்கு விற்றார்கள். பாஷ்யம் அங்கே பெருமாள் கோயில் மடப்பள்ளியில் பிரசாதம் சமைக்கும் கைங்கரியம் செய்கிறவர். முழங்கால் வலிக்காரர். கிளட்ச் தானாக இறங்குவதைப் பார்த்து, இத்தனை வருஷம் தளிகை பண்ணியதற்குப் பெருமாள் இரங்கினார் என்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாள் சும்மா கிடந்த அமீருதீனின் கால் அதிலிருந்து விடியற்காலை வேளையில் மிதிக்க ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து மார்க்கெட், சாயங்காலம் பாஷ்யத்தின் மகளை ரயிலிலிருந்து அழைத்துவரக் கடம்பத்தூர். அமாவாசை என்றால் கோயில் தெருக்களில் கூட்டம் தாங்காது, கால் ஓயாது. அன்றைக்கு அமீருதீன் கடையைத் திறப்பதில்லை. அவர் வாழ்நாளில் திருவள்ளூர்க் கோயில் தெருவுக்குள் போனதில்லை. இப்போது எந்த மூலையில் வண்டி திரும்பத் திணறும் என்று சொல்வார். தன் மகள் எங்கே இருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை. நசீம் பானு செல்போன் வாங்கி வைத்துக்கொண்டு, கேட் தாண்டியதும் கூப்பிடச் சொன்னாள். "போன்ல இன்னா வேணா சொல்லலாம்" என்றார் அவர்.

ஒரு சாயங்காலம் ஜபீன் கடை வாசலில் காரை நிறுத்தி, ஏறி உட்காரச் சொன்னாள். ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து விட்டாள். அமீருதீன் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். இரண்டே பெடல். இடது பக்கம் வெறும் மிதியடி விரித்திருந்தது. அதன்மேல் அவர் பாதம் தானாக இறங்கி, நின்று, மெதுவாக விட்டது.

"அது யாருக்கு?" என்றாள் ஜபீன்.

"திருவள்ளூர் ஐயருக்கு. கடம்பத்தூர் கெளம்பறாரு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உனக்கு வலிக்குதா வாப்பா?" என்றாள். அவர், இந்தச் சனிக்கிழமையும் அந்தப் பக்கம் போகிறாயா என்று கேட்டார். போகிறேன் என்றாள். நேராகப் போய் நேராக வருவாயா என்றார். தெரியாது என்றாள்.

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். கால் வைக்க இடமில்லாத வண்டி எப்படி மனுஷன் சொல்வதைக் கேட்கும் என்று முனகிக்கொண்டே பஜார் வழியாக நடந்தார். கறிக்கடையைத் தாண்டும்போது இடது கால் தரையை அழுத்தியது. நின்றார். பாஷ்யம் கியரை மாற்றி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி நடந்தார்.