2213க்கும் 2214க்கும் நடுவில்

வாரத்தில் ஆறு நாள் நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞன். விடிவதற்கு முன் கேமரா பையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தால் பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை, வீராணம் என்று எங்காவது போய் விழுவேன். படகு, நாரை, வலை உலர்த்துகிறவர், நாற்று நடுகிற பெண்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவேன். இவ்வளவு பெட்ரோலை எரித்து இந்தக் கொக்கைத்தான் பிடித்துக்கொண்டு வந்தீர்களா என்று என் மனைவி கயல்விழி கேட்பாள். காதில் வாங்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பதினோரு வருஷமாக இந்தக் கிறுக்கு.

எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எழுதப்படாத சட்டம் ஒன்றும் உண்டு: படத்தில் இருப்பவர் கேமராவைப் பார்க்கக் கூடாது. யாராவது விறைத்து நிற்கிற படத்தைப் போட்டுவிட்டால், 'ஆதார் கார்டா சார்?' என்று கேட்டே ஆளைக் கிழித்துவிடுவோம். நானே பல பேரைக் கிழித்திருக்கிறேன். ஆனால் ஊருக்குள் ஜனங்கள் சும்மா விடுவார்களா? கேமராவைக் கண்டதும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். எடுக்க மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் முடியாது.

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பட்டனைப் பாதி மட்டும் அழுத்துவது. கேமரா குறி பார்த்துவிட்டு 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். படம் பதிவாகாது. 'சூப்பர், அனுப்பறேன்' என்று சொன்னால் போதும், அவர்கள் சந்தோஷமாக வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அதன் பிறகு நிஜமாக எடுப்போம். குழுவில் இதற்கு 'டம்மி' என்று பெயர். இதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, எந்த டைல்ஸ் குளியலறையில் வழுக்காது என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து பேசுவதாகவும் பெயர் அமிர்தம் என்றும் ஓர் அம்மாள் சொன்னார். பக்கத்து வீட்டுக் கனிமொழியின் போனாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தை மாசம் வீராணம் ஏரிக்கரையில் நான் கொடுத்த விசிட்டிங் கார்டை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாராம்.

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சுப் புடிச்சீங்களே தம்பி. அவுரு என் தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னாரே. அந்தப் படம் ஒண்ணு வேணும்" என்றார்.

அந்தக் காலை எனக்கு மறக்குமா? ஒரு புகைப்படப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு வாங்கிக்கொடுத்த காலை அது. மதகை அடைத்துக்கொண்டிருந்த ஆகாயத்தாமரையை ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாரி இழுக்கிறார், அவருக்குப் பின்னால் நாரைக் கூட்டம் எழும்புகிறது, அதற்கும் பின்னால் சூரியன். ஆளும் பறவையும் கறுப்பு, மற்றதெல்லாம் பொன். முதல் பரிசு கொட்டாவி விட்ட ஒரு பூனைக்குப் போனது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

அந்த ஆள்தான் சுப்பராயலு, அமிர்தத்தின் கணவர். அந்த அம்மாள் கரையில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எங்களை ஒண்ணா ஒரு படம் எடுங்களேன் தம்பி என்று அவர்தான் கேட்டார். சுப்பராயலு தண்ணீரிலிருந்து ஏறி வந்து, மனைவிக்கு நாலு அடி தள்ளி, யாரோ மாதிரி நின்றார். புது மாப்பிள்ளை மாதிரி தோளில் கை போடுங்கள் அய்யா என்று நான்தான் கிண்டலாகச் சொன்னேன். அவர் கைச் சேற்றைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, கையைத் தூக்கி மனைவியின் தோளில் வைத்தார். இதெல்லாம் அச்சுப் பிசகாமல் என் ஞாபகத்தில் இருந்தது.

அய்யா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். போன மாசியில் வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாராம். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி வருஷ திதி. முப்பத்திநாலு வருஷ வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் வேறு ஒன்றுகூட வீட்டில் இல்லை. குழந்தையும் இல்லை. நடந்தால்கூட அவர் முன்னால் போவார், இவர் பின்னால் போவார். நான் படத்தோடு வருவேன் என்று சுப்பராயலு சாகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் கரைப்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். சிதம்பரம் மேல வீதியில் ஒரு கடையில் பிரேமுக்குச் சொல்லியாகிவிட்டது, பிரேம் தயார், படம்தான் பாக்கி என்றார்.

நான் எந்தப் படத்தையும் அழிக்கிறவன் இல்லை அம்மா, ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கே கொண்டுவந்து கையில் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். போனை வைத்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. வாத்தியாருக்கு டைல்ஸில் நல்ல தள்ளுபடிகூடப் போட்டுக்கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தத் தேதியைத் திறந்தேன். 2213: பனி மூடிய ஏரிக்கரை, ஆள் இல்லை, மணி ஆறு ஐம்பத்திரண்டு. 2214: சுப்பராயலு தண்ணீரில், முதுகு மட்டும், மணி ஆறு ஐம்பத்தாறு. அதற்கப்புறம் வரிசையாக நாரைகள். முன்னும் பின்னும் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு படத்தை அழித்திருந்தால் நடுவில் ஒரு நம்பர் குறையும். ஒன்றும் குறையவில்லை. நம்பர் தாண்டவில்லை, நேரம் மட்டும் நாலு நிமிஷம் தாண்டியிருந்தது.

அந்த நாலு நிமிஷத்தில்தான் அவர்கள் இருவரும் என் முன்னால் நின்றார்கள். சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது, நாரைகள் எந்த நேரமும் எழும்பும் போலிருந்தன. நான் பட்டனைப் பாதி அழுத்தினேன். பீப். இன்னொரு தரம் பீப். டம்மி.

கம்ப்யூட்டர் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கயல்விழி சாப்பிடக் கூப்பிட்டாள். பசி இல்லை என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் சிநேகிதன் ராஜவேலிடம் பழைய மெமரி கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏதாவது ஓர் அதிசயம் நடந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கார்டை வாங்கவே இல்லை.

"அழிச்ச படத்த மீட்டுக் குடுப்பேன் மச்சான். எடுக்காத படத்த எங்கேருந்து மீட்கறது?"

ஆனால் அவன் தொழில்காரன், கையை விரித்துவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. இருவரின் ஆதார் கார்டு மட்டும் இருந்தால் போதும், மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்றான். படத்துக்குக் கீழே பெயர் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, கனிமொழியின் போனிலிருந்து இரண்டு கார்டையும் வரவழைத்தேன். பத்தே நிமிஷம். என் 2213ஆம் படத்து ஏரிக்கரை பின்னால் நிற்க, சுப்பராயலு அமிர்தத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார். பற்பசை விளம்பரத்தில் வருகிற மாதிரி நல்ல சிரிப்பு. ராஜவேல் பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தான். சத்தியமாக யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த உறையையும், பரிசு வாங்கிய படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். உறையைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஆலப்பாக்கத்தில் ஒரு முடிவு, புதுச்சத்திரத்தில் ஒரு முடிவு, பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடத்தில் இன்னொரு முடிவு. மேல வீதி வந்தபோது கொடுத்துவிடுவது என்றிருந்தேன். அந்த அம்மாளின் மனசு நிறைந்தால் போதாதா, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஜெயித்திருந்தேன்.

பிரேம் கடையில் அமிர்தம் எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். கடைக்காரர் பழனிவேல், சுவரில் சாய்த்து வைத்திருந்த பிரேமைத் துடைத்துக் காட்டினார். தேக்கு நிறம், ஓரத்தில் தங்கக் கோடு. கண்ணாடிக்குள் வெறும் அட்டை.

முதலில் பரிசுப் படத்தை எடுத்து நீட்டினேன். அமிர்தம் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். யார் என்று கேட்டார். அய்யாதான் என்றேன்.

"மூஞ்சியக் காணுமே தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது, பறவையெல்லாம் அழகாக இருக்கிறது என்று என் மனம் கோணாமல் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் பைக்குள் கையை விட்டு உறையைத் தொட்டேன். அப்போது அமிர்தம் பழனிவேலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவுரு சிரிக்கற ஆளே கெடையாது. கல்யாணம் ஆனதுலேருந்து ரெண்டு மூணு தரம் சிரிச்சிருப்பாரு, அதுவும் என்னப் பாத்து இல்ல, ஆட்டுக்குட்டியப் பாத்து. அன்னிக்கு என் தோள்ல கை போட்டுக்கிட்டு சிரிச்சாராம். தம்பிதான் சொன்னாரு, அய்யா சிரிப்பு சூப்பர்னு. நான் நேரா கேமராவப் பாத்துக்கிட்டு நின்னேனா, திரும்பிப் பாக்கல. ஆடிடக் கூடாதே. சரி, படம் வந்தா அதுல பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

என் கை உறையிலேயே நின்றுவிட்டது. இந்தச் சிரிப்பைக் கொடுத்தால் அவர் நம்பிவிடுவார். அதுதான் பயமாக இருந்தது. தான் பார்க்காத சிரிப்புக்குப் பதிலாக மெஷின் செய்த சிரிப்பை வீட்டில் மாட்டி, தினமும் விளக்கேற்றி, இதுதான் என் புருஷன் என்னோடு நின்று சிரித்த சிரிப்பு என்று மிச்ச ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். கொடுக்கவும் முடியவில்லை. கொடுக்காமல் அந்த முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

சொல்லிவிட்டேன். படம் இல்லை அம்மா, அன்றைக்கு நான் எடுக்கவே இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சத்தம் கேட்டதே என்றார். பையிலிருந்து கேமராவை எடுத்து, வீதியைப் பார்த்து வைத்து, பட்டனைப் பாதி அழுத்திக் காட்டினேன். பீப் என்றது. இந்தச் சத்தம் வந்தால் கேமரா பார்க்கிறது என்று அர்த்தம், எடுத்தது என்று அர்த்தம் இல்லை என்று விளக்கினேன். பழனிவேல் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

அமிர்தம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் கூடும்படி அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கேமராவையும் பிரேமையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, படம் இல்லாட்டி போவுது தம்பி. நீங்கதான் கண்ணால பாத்தீங்களே. எப்படிச் சிரிச்சாரு, அதச் சொல்லுங்க. பல்லு தெரிஞ்சிச்சா, இல்ல வாய மூடிக்கிட்டா?"

அய்யா சிரிப்பு சூப்பர் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. பரங்கிப்பேட்டையில் வலைக்காரருக்குச் சொன்னேன், பிச்சாவரத்தில் படகுக்காரருக்குச் சொன்னேன். அன்றைக்கு அதைச் சொன்னபோது என் கண் கேமராவில்தான் இருந்தது. கேமரா அதற்குள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. நான் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.