பாங்காக்கில் ஒரு மாசம்

"மூணு மாசம் லீவாம்மா? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று விருதுநகரிலிருந்து அப்பா போனில் கேட்டார்.

"இல்லப்பா, நானாக் கேட்டு வாங்கினது. தாய்லாந்து, மலேசியா, வியட்நாம்னு போறேன். ஒவ்வொரு ஊர்லயும் மெதுவாத் தங்கித் தங்கி."

"அங்க என்ன சோலி?"

"சோலி ஒண்ணும் இல்ல. சும்மா."

"சும்மாவா?" என்றார். பின்னாலிருந்து அம்மா, "அங்க நமக்கு யாருடி இருக்கா?" என்று கத்துவது கேட்டது.

"யாரும் இல்லாததாலதான் போறேன்" என்று நாகலட்சுமி போனை வைத்தாள்.

அவள் வீட்டில் சும்மா எங்கேயும் போனதில்லை. வேன் பிடித்தால் மொட்டைக்கு, காதுகுத்துக்கு, இல்லை எழவுக்கு. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். படியேறியதிலிருந்து ஒரு நாளும் நின்றதில்லை. பரீட்சை, இன்டர்வியூ, விசா, இப்போது ஜெர்மனியில், வுப்பர்டால் ஊரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. லீவு கேட்டபோது ஜெர்மன் மேனேஜர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஆஹா, அருமை" என்று கையெழுத்துப் போட்டான். அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவன் தென்கிழக்கு ஆசியாவில் நாலு தடவை குளிர்காலம் கழித்தவன். சும்மா இருப்பது அவனுக்கெல்லாம் பிறவிச் சொத்து. இவள் எண்பத்தேழு நாளுக்கும் எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருந்தாள். பினாங்கில் கடற்கரையில் உட்கார ஒரு மணி நேரம், ஹோய் ஆனில் ஆற்றைப் பார்க்க நாற்பது நிமிடம்.

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். உட்கார்ந்து என்ன செய்வது?

அதற்காகத்தான் சந்திரகாந்தி வேண்டும்.

சந்திரகாந்தி அவளோடு ஃப்ளாட்டைப் பங்குபோட்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரி. இரண்டு வயது மூத்தவள். முதியோர் இல்லத்தில் வேலை. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, அவுஸ்பில்டுங் என்கிற தாதித் தொழிற்பயிற்சி ஏப்ரலில்தான் தொடங்கும். நடுவே மூன்று மாசம். பயணத்துக்குக் கூட வரச் சம்மதித்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் தேநீரோடு ஜன்னலோரம் உட்காருவாள். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயிலைப் பார்த்தபடி ஒரு மணி, ஒன்றரை மணி. கையில் புத்தகம் கிடையாது, டிவி கிடையாது. நாகலட்சுமிக்கு அதைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும். இதை எங்கே கற்றுக்கொண்டாள்? பாங்காக்கில்தான் என்று முடிவு கட்டியிருந்தாள். தொண்ணூற்றொன்பதில் சந்திரகாந்தி ஏழு மாசம் அங்கே இருந்தவள். விடியக் காலை பிக்குகள் பாத்திரத்தோடு வரிசையாக வருவது, வாய்க்கால் படகு இரைவது, சட்டை போட்ட ஒரு வெள்ளை நாய், உரலில் பப்பாளிக்காய் இடிக்கும் தள்ளுவண்டிக்காரி என்று கண்ணில் பார்க்கிற மாதிரி சொல்வாள்.

அதனால் நாகலட்சுமி கேட்காமலே ஒரு காரியம் செய்தாள். பயணத்தின் முதல் மாசத்தை முழுக்கப் பாங்காக்கில் வைத்து, வாய்க்கால் பக்கம் ஒரு அறை பேசினாள். சனிக்கிழமை மாலை அந்த அறையின் அச்செடுத்த படத்தை மேசையில் வைத்தாள்.

"காந்திக்கா, சர்ப்ரைஸ்! டிக்கெட் செவ்வாய்க்கிழமை வரைக்கும் பிடிச்சு வச்சிருக்காங்க. முதல் நாளே உங்க பப்பாளிக்காரம்மாகிட்டப் போறோம். எப்படி இருக்கும் அது, ரொம்பக் காரமா?"

"தெரியாது."

"ஏழு மாசம் இருந்து வாங்கிச் சாப்பிடலையா?"

"எப்பிடி வாங்குறது? நான் கீழை இறங்கேல்லையே."

நாகலட்சுமிக்குப் புரியவில்லை. சந்திரகாந்தி படத்தை ஒரு விரலால் தள்ளினாள்.

"நாலாம் மாடி. ஒரு அறை, ஒன்பது பேர். இஞ்சை அனுப்பிறன் எண்ட ஏஜென்சிக்காரன் பாஸ்போட் எல்லாத்தையும் தானே வைச்சிருந்தவன். பொலிஸ் பிடிக்கும் எண்டு வெளியாலை பூட்டிப்போட்டுப் போவான். அப்ப நான் என்ன செய்ய? ஜன்னலாலை பாத்துக்கொண்டிருந்தனான்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னனான்தானே, ஜன்னலாலை பாத்தனான் எண்டு."

"ஜன்னல்னா ஹோட்டல் ஜன்னல்னு நினைச்சேன்!"

"ஹோட்டலோ!" சந்திரகாந்தி சத்தம் போட்டுச் சிரித்தாள். "ஓம், ஓம். சாப்பாடெல்லாம் அறைக்கே வந்தது."

சிரித்து முடித்து எழுந்து போய்ப் பானையைக் கழுவினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போனது. நாகலட்சுமி வீட்டுக்குள் நடந்தாள், துவைத்த துணியையே திரும்ப மடித்தாள், தன்னைத்தானே திட்டினாள். இவளிடமா சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன்? பூட்டி வைத்ததால் பழகியதை நான் ஏதோ வரம் என்று நினைத்தேனே, எருமை! இவள் வராவிட்டால் என்ன செய்வது என்கிற பயமும் கூடவே அரித்தது. தனியாகப் போனால் மூன்றாம் நாளே ஆபீஸ் மெயிலைத் திறந்துவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் டிராவல் ஆபீசுக்கு ஓடினாள். பாங்காக்கை அடியோடு எடுத்துவிட்டு நேராகப் பினாங்குக்கு மாற்றினாள். பதினைந்து நிமிட வேலை. திரும்பும்போது நல்லதொரு காரியம் செய்த நிம்மதி. ஞாயிற்றுக்கிழமையே செய்திருக்கலாம், அன்றைக்குக் கடை திறக்காது.

மாலையில் புதுத் தாளை நீட்டினாள். சந்திரகாந்தி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எங்கை பாங்கொக்?"

"எடுத்துட்டேன்."

"ஆரைக் கேட்டு?"

"உங்க நல்லதுக்குத்தான்க்கா. அந்த ஊருக்கே நீங்க..."

"அந்த ஏஜென்சிக்காரனும் இப்பிடித்தான் சொன்னவன்."

அடுப்பில் ஏதோ கொதித்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதல்லை கேக்காமல் அங்கை இறக்கிவிடப் பாத்தீர். இப்ப கேக்காமல் இறங்காதை எண்டுறீர். என்ரை பாஸ்போட் எங்கை?"

அது நாகலட்சுமியின் பிளாஸ்டிக் ஃபோல்டரில் இருந்தது. டிக்கெட்டுக்கு விவரம் வேண்டும் என்று போன வாரம் வாங்கி, தன்னுடைய இந்தியப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் போட்டு வைத்திருந்தாள். விசா ஃபாரம், போட்டோ, நகல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது அவள் வழக்கம். அதில் ஒரு தப்பும் இருப்பதாக இந்த நிமிடம் வரை அவளுக்குத் தோன்றியதில்லை.

"தாரும்."

"பத்திரமாத்தானே வச்சிருக்கேன்..."

"ஏழு வருஷம் அந்திராக் அந்திராக் எண்டு விண்ணப்பம் எழுதி எடுத்த ஜெர்மன் பாஸ்போட், லட்சுமி. ஒருத்தற்றை பைக்குள்ளையும் அது இருக்கேலாது. தாரும்."

ரப்பர் அறுந்து தெறித்தது. கொடுத்தாள். கொடுக்கும்போதே சுர்ரென்று கோபம் ஏறியது.

"அப்ப நானும் அந்த ஏஜென்ட்டும் ஒண்ணா? உங்க பாஸ்போர்ட்டக் காட்டினா கதவு திறக்கும். நான் ஊருக்கு ஊர் விசாவுக்குப் பிச்சை எடுக்கணும். ஃபாரத்துல 'பயண நோக்கம்'னு ஒரு கட்டம், அதுல என்ன எழுதறதுன்னே தெரியாம மூணு நாளா உக்காந்திருக்கேன். உங்களுக்காக ஓடினேன் பாருங்க, என்னச் செருப்பால அடிக்கணும். வரலன்னா வரலன்னு சொல்லித் தொலைங்க!"

"அடியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றாள் சந்திரகாந்தி. "நான் வரேல்லை எண்டு எப்ப சொன்னனான்?"

போய் அடுப்பை அணைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு நாகலட்சுமி சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். ஷிஃப்ட் இரண்டு மணிக்கே முடிந்திருக்க வேண்டும், சந்திரகாந்தியைக் காணவில்லை. மூன்று, நாலு, நாலரை. அலமாரியைத் துடைத்தாள், துடைத்த அலமாரியை இன்னொரு தடவை துடைத்தாள். ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தது. சந்திரகாந்தி நனைந்த கோட்டைக் கழற்றாமலே பைக்குள்ளிருந்து ஒரு டிக்கெட் உறையை எடுத்துக் காட்டினாள். காட்டினாள், கொடுக்கவில்லை. பிராங்பேர்ட்டிலிருந்து பாங்காக். ஜனவரி ஒன்பது. ஒரே ஒரு பெயர்.

"நாம பதினாறாம் தேதின்னுதானே..."

"ஓம். நான் ஒரு கிழமை முந்திப் போறன்."

"தனியாவா? எங்க தங்குவீங்க?"

"தெரியாது."

"அந்தத் தெருவுக்கே போறீங்களா?"

"அந்தத் தெருவின்ரை பேரே எனக்குத் தெரியாது. ஜன்னலாலை பேர்ப்பலகையின்ரை முதுகுதான் தெரிஞ்சது."

"பேர் தெரியாம எப்படித் தேடுவீங்க?"

"தேடப்போறன் எண்டு ஆர் சொன்னது? இறங்கி நடக்கப்போறன். எனக்கு விருப்பமான பக்கம் நடந்து, பசிச்சால் எங்கையாவது நிண்டு சாப்பிட்டு. அதுக்கு உம்மடை அட்டவணை வேண்டாம். பிறகு நீர் வாரும்."

"வந்து உங்கள எங்க பிடிக்கிறது?"

"போன் அடியும். அந்தநேரம் நான் எங்கை நிக்கிறனோ அங்கை வாரும். நான் எங்கை நிப்பன் எண்டு இப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?"

நாகலட்சுமிக்குக் கேட்க இன்னும் பத்துக் கேள்வி இருந்தது. "அப்ப என் டிக்கெட்?" என்று மட்டும் கேட்டாள்.

"உம்மடை டிக்கெட் உம்மடை பாடு. ஆறு மணிக்குக் கடையைப் பூட்டுவினம்."

குடையை எடுக்காமல் இறங்கி ஓடினாள். டிராவல் ஆபீஸ்காரி கணினியை அணைக்கப் போனவள், இவளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி பாங்காக்கா, நேற்றுத்தானே எடுத்தோம் என்றாள். ஆமாம், மறுபடி பாங்காக் என்றாள் நாகலட்சுமி. சரி, அங்கே எத்தனை நாள்?

மழைத்தண்ணீர் தலையிலிருந்து மேசைமேல் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"தெரியாது" என்றாள்.

தேதியில்லாமல் போட முடியாதே என்று அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் நாகலட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ போறதுக்கு மட்டும் போடுங்க. திரும்பி வர்றத அங்க இருந்து பார்த்துக்கிறேன்" என்று தன் பாஸ்போர்ட்டை மேசையில் தட்டி வைத்தாள்.