கை கட்டி யோசிப்பவள்

இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டதும் யாரும் கை தூக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு, விடையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, சரியென்று பட்ட பிறகே தூக்க வேண்டும். முந்திரிக்கொட்டைகளை அடக்க அவர் கண்டுபிடித்த வழி அது. கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினால் போதும், வகுப்பு காற்றில்லாத குளம் போலாகிவிடும். அந்த அமைதி டீச்சருக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் ஜன்னலோரச் சிறுமி. பிள்ளைகள் அவளை ஆமை என்பார்கள். அவள் கோபிக்க மாட்டாள். கூப்பிட்டவர்களைத் திரும்பிப் பார்ப்பதா வேண்டாமா என்று அதையும் யோசிப்பாள். ஆனால் கை தூக்கினாள் என்றால் விடை தப்பாது.

அந்த வருடம் டேப்லெட் வந்தது. காலையில் கரும்பலகை, மதியம் திரை. சில வாரங்களில் தலைமையாசிரியை டீச்சரை அழைத்து, டேப்லெட் போட்ட தரவரிசையைத் தன் கணினியில் காட்டினார். வகுப்பின் கடைசி இடத்தில் அந்த ஜன்னலோரச் சிறுமியின் படம் இருந்தது.

டீச்சர் நம்பாமல் மதியம் அவள் பின்னால் போய் நின்றார். திரையில் கழித்தல் கணக்கு வந்தது. ஆமை கையைக் கட்டினாள். உதடு அசைந்தது. விடை கிடைத்துக் கையை அவிழ்ப்பதற்குள் திரை அலுத்துப்போய், இவளுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டி, பூனைக்குட்டிகளை எண்ணச் சொன்னது.

பருவம் முடியும்போது கடைசியில் இருப்பவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பின்தங்கியவர்களுக்கென்று இருக்கும் அறைக்கு மாற்றப்படுவார்கள். அங்கே போன எந்தப் பிள்ளையும் அதே வருடத்தில் வகுப்புக்குத் திரும்பி வந்ததில்லை.

டீச்சர் மன்றாடினார். தலைமையாசிரியையும் கல்நெஞ்சக்காரர் இல்லை. நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லி மேலிடத்தில் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டாராம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே அமைப்பு, ஒரு பிள்ளைக்காக மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க கையக் கட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்மா."

மறுநாள் டீச்சர் ஆமையின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"கண்ணு, இதுல மட்டும் கை கட்டாத. டக்குனு தொட்டுடு."

"தப்பா இருந்தா?"

"பரவால்ல. இன்னொண்ணத் தொடு."

அந்த 'பரவால்ல' டீச்சரின் காதுக்கே அந்நியமாக ஒலித்தது.

இதையும் ஆமை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நான்கு கட்டங்களில் ஏதாவது ஒன்று பச்சையாகித்தானே ஆக வேண்டும். தப்பான தொடுதலைத் திரை கணக்கில் வைக்கவில்லை. அவள் விரல் மழைத்துளி போலத் திரையில் விழுந்தது. படம் ஒவ்வொரு படியாக மேலேறியது. பருவம் முடிந்தபோது தண்ணீர்த் தொட்டி அறைக்குப் போன பிள்ளைகளில் அவள் இல்லை. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விடுமுறை கழிந்த முதல் காலை, டீச்சர் கரும்பலகையில் முப்பத்திரண்டிலிருந்து பதினெட்டைக் கழிக்கச் சொன்னார். வகுப்பு கையைக் கட்டியது. ஒரு கை மட்டும் உடனே உயர்ந்தது.

"பன்னெண்டு," என்றாள் ஆமை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "பதிமூணு." மறுபடியும் பார்த்தாள். "பதினாலு."

டீச்சரின் முகத்தில் என்ன மாறியதோ, அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"எப்படி வந்துச்சு, கண்ணு? கையக் கட்டிட்டு யோசிச்சு சொல்லு."

ஆமை சொன்னபடி கையைக் கட்டினாள். உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் டீச்சரின் முகத்தை விட்டு விலகாமல் காத்திருந்தன.